ஸோலாவின் ‘பணம்’: வன்னியிலிருந்து ஒரு நோக்கு

சிறு கொம்பனிகளின் பங்குகள் காரணமின்றி விலையேறும்போது முதலீட்டாளரிடையே ஒரு வாதம் எழுவதுண்டு. ‘இது மோசடி’ என்பர் ஒரு சாரார். ‘இது வாய்ப்பு, அஞ்சுபவன் இழப்பான்’ என்பர் மறு சாரார். வாதம் முடியுமுன்னரே ஏழையின் சேமிப்பு முடிந்துவிடுகிறது. இவ்வாதத்தைத் தெளிவுபடுத்த இலக்கியமும் துணைபுரியும் என்பதற்கு எமில் ஸோலா 1891இல் வெளியிட்ட ‘பணம்’ என்னும் நாவல் சான்றாகும்.

1882இல் பிரான்சில் ‘யூனியோன் ஜெனரால்’ என்ற வங்கி வீழ்ச்சியுற்றது. அந்நிகழ்ச்சியைத் தழுவியே ஸோலா தம் கதையை அமைத்தார். சக்கார் என்பவன் ஒரு வங்கியைத் தொடங்குகிறான். அவ்வங்கி தன் பங்குகளைத் தானே மறைவாக வாங்குகிறது, விலை ஏறுகிறது, ஏறிய விலையே வங்கியின் வலிமைக்கு அத்தாட்சியாகக் காட்டப்படுகிறது. வங்கியின் காரியாலயச் சேவகன் டெஜுவா, மகளின் சீதனத்துக்கென வைத்த பணத்தைப் பங்குகளில் இடுகிறான். வேண்டிய தொகை கிடைக்கும் நிலை வந்தபின்னரும் விற்க மனம் வரவில்லை. இறுதியில் பணமும் போகிறது. மகளும் வீட்டைவிட்டுப் போகிறாள். சீதனத்தின் சுமையறிந்த நமக்கு இப்பாத்திரம் அந்நியமன்று.

இனி நம் நாட்டை நோக்குவோம். 2008 இறுதியில் கொழும்புப் பங்குச் சந்தையின் விலைச் சுட்டெண் ஏறத்தாழ 1,500ஆக இருந்தது. 2009 மே மாதத்தில் முல்லைத்தீவுக் கரையில் போர் முடிந்தது. வன்னி மக்கள் மூன்று இலட்சத்துக்கு அண்மித்த தொகையினர் முகாம்களில் அடைபட்ட அதே ஆண்டில் சுட்டெண் இருமடங்குக்கு மேலாயிற்று. 2011 பெப்ரவரியில் அது 7,800ஐ எட்டியபோதும் வவுனியா மெனிக் பாம் முகாம் மூடப்படவில்லை. அது மூடப்பட்டது 2012 செப்டெம்பரிலாகும்.

வருமானமற்ற கொம்பனிகளின் பங்குகளும் அவ்வேற்றத்தில் உயர்ந்தன. இதனை விசாரிக்க வேண்டிய பிணையங்கள் பரிவர்த்தனை ஆணைக்குழுவின் தலைவர் இந்திராணி சுகததாச 2011 டிசெம்பரில் பதவி விலகினார். பின்வந்த திலக் கருணாரத்னவும் 2012 ஓகஸ்டில் விலகி, சந்தையை ஒரு ‘மாபியா’ ஆட்டுகிறதென்றார். அவ்வாண்டிலேயே, எளிய மக்களின் சிறு சேமிப்பை வைத்திருக்கும் தேசிய சேமிப்பு வங்கி, ‘த பினான்ஸ்’ கொம்பனியின் பங்குகளைச் சந்தை விலையினும் மிகக் கூடிய விலைக்கு வாங்க முற்பட்டது. எதிர்ப்பு எழுந்ததால் அவ்வியாபாரம் கைவிடப்பட்டது. 2020இல் அக்கொம்பனியின் அனுமதிப்பத்திரமே இரத்தாயிற்று. தொழிலாளரின் ஊழியர் சேமலாப நிதியும் பங்குச் சந்தையில் இடப்பட்டு நட்டமடைந்தது. பங்கென்றால் என்னவென்று அறியாத தொழிலாளியும், தன் சம்மதமின்றியே, டெஜுவாவின் வரிசையில் நிறுத்தப்பட்டான்.

மோசடியா என்ற கேள்வி வேண்டாததெனக் கூறோம். சட்டம் அதனைக் கேட்டே ஆகவேண்டும். ஆனால் பொய் சொன்னவன் யார் என்பதோடு ஸோலா நின்றுவிடவில்லை. பெறுமதியிழந்த பத்திரம் கடைசியில் யார் கையில் எஞ்சுகிறது என்று கேட்டார். வீழ்ந்த கொம்பனிகளின் பங்குப் பத்திரங்களைப் பையில் நிரப்பித் திரியும் மேஷென் என்ற பெண்ணை அவர் படைத்ததன் பொருள் இதுவே. அவரது யதார்த்தவாதத்தின் வலிமையும் இங்குதான் உள்ளது.

எனினும் நாவலின் முடிவை நாம் ஏற்பதற்கில்லை. பணம் அழுக்காயினும் நாளைய வாழ்வு முளைக்கும் எரு அதுவே என்ற எண்ணத்தில் கரோலின் அம்மையார் ஆறுதல் காண்கிறார். இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்பவனுக்கு எருவைப் பற்றி எவரும் போதிக்க வேண்டியதில்லை. யாருடைய வாழ்வு எருவாயிற்று, விளைவு எவருடைய களஞ்சியத்தை அடைந்தது என்றே அவன் கேட்பான்.

கொழும்பின் ஏற்றத்தையும் மெனிக் பாமின் கூடாரத்தையும் ஒரே கதையில் வைத்து அக்கேள்வியை எழுப்பும் படைப்பையே நம் எழுத்தாளரிடம் நாம் வேண்டி நிற்கிறோம்.