சூனியமும் இன்மையும்

போஸ்ட்ஜிஐஎஸ் என்னும் தரவுத்தள விரிவாக்கத்தில், பிக்சல் கட்டங்களாலான ராஸ்டர் படங்களைக் கையாளும் சார்புகள், மதிப்பில்லாத பிக்சல்களைத் தாமாகவே கணக்கினின்று விலக்கிவிடுவதை, உபயோகிப்போருக்குச் செய்த மகத்தான உபகாரமென்று அதன் அபிமானிகள் போற்றிவருகிறார்கள். அநுகூலம் இல்லாமலில்லை. 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடத்திலிருந்து ரேடார் கொண்டு எடுத்த எஸ்ஆர்டிஎம் உயர அளவைகளில், விடுபட்ட இடங்களுக்கு −32768 என்ற எண் இடப்பட்டிருந்தது. அதனை மெய்யான உயரமென்று நம்பிக் கூட்டினால் மலைநாட்டின் சராசரியும் கடல்மட்டத்துக்குக் கீழே இறங்கிவிடலாம். இரண்டு ராஸ்டர்களை இணைக்கும் எஸ்டி_மேப்ஆல்ஜீப்ரா, ஒன்றில் மட்டும் மதிப்பில்லையானால் என்ன செய்வது, இரண்டிலும் இல்லையானால் என்ன செய்வது என்று தனித்தனியே சொல்ல இடமளிப்பதும் பாராட்டத்தக்கதே.

என் ஆட்சேபமோ, கேட்டறிய வேண்டிய இடத்தில் கேளாமல் தீர்மானிக்கும் சுபாவத்தைப் பற்றியது. காடுள்ள பிக்சலுக்கு 1, காடற்றதற்கு 0 என்று குறியற்ற எட்டு பிட் முழுவெண்ணில் அமைத்த படமொன்றை எடுத்துக்கொள்வோம். விடுபட்ட இடமே இல்லாததால் அதற்கு நோடேட்டா மதிப்பு, அதாவது இன்மையைக் குறிக்கும் எண், எதுவும் குறிக்கப்படவில்லை. ஒரு மாவட்டத்தின் எல்லையைக் கொடுத்து எஸ்டி_கிளிப் மூலம் அதை வெட்டும்போது, எல்லைக்கு வெளியே எஞ்சும் மூலைகளை நிரப்ப ஓர் எண் வேண்டுமென்பதால், நாம் ஒன்றும் சொல்லாதபோது, அவ்வகையில் அடங்கும் மிகச் சிறிய எண்ணாகிய 0-வையே அச்சார்பு எடுத்து நோடேட்டாவென்று முத்திரையிட்டுவிடுகிறது. அக்கணமே மாவட்டத்துக்குள் இருக்கும் வயலும் ஊரும் தரிசும் இல்லாத இடங்களாகிவிட, அடுத்து வரும் எஸ்டி_சம்மரிஸ்டாட்ஸ், மிஞ்சிய பிக்சல்களை மட்டும் எண்ணி, சராசரி 1 என்கிறது; அதாவது மாவட்டம் முழுவதும் வனம்! எச்சரிக்கையாக ஒரு வரிகூட வருவதில்லை.

கையேட்டில் இது எழுதியிருக்கிறதே என்பது அபிமானிகளின் சமாதானம். கையேட்டைப் படித்தவன் 255-ஐ நோடேட்டாவாகக் கொடுத்துத் தப்பித்துக்கொள்வான். படிக்காதவனுடைய அறிக்கையை நம்பித் திட்டம் வகுப்பவர் யாரைக் கேட்பார்? இன்மை எங்கும் சமமாய்ப் பரவிக் கிடப்பதுமில்லை. எஸ்ஆர்டிஎம்மில் அது செங்குத்தான சரிவுகளில் மிகுந்திருந்தது. ஆதலால் அவற்றை மௌனமாய்த் தள்ளிய சராசரி, அளக்க எளிதான நிலத்தைப் பற்றிய சராசரியே. ஒரு புள்ளியின் மதிப்பைச் சொல்லும் எஸ்டி_வேல்யூவும், அளவை விடுபட்ட புள்ளிக்கும் படத்துக்கு வெளியே விழுந்த புள்ளிக்கும் பேதமின்றி ‘நல்’ (null, வெறுமை) என்றே விடையளிக்க, எஸ்க்யூஎல்லின் சராசரி இரண்டையும் ஒருங்கே விழுங்கிவிடுகிறது.

நோடேட்டா வரையறுக்கப்படாத படத்தை வெட்டச் சொன்னால் பிழை காட்டி நிற்பதும், ஒவ்வொரு சராசரியோடும் விலக்கப்பட்ட பிக்சல்களின் தொகையைத் தருவதும் சார்பின் கடமை. அவ்விரண்டையும் செய்யாதவரை, இவ்வழக்கத்தைச் சௌகரியமென்று புகழ்வதைவிட அஜாக்கிரதையென்று சொல்வதே பொருந்தும்.