பதினைந்து ரூபாய் சிப்பாய்

போர் விளையாட்டு மினியேச்சர்களை வீட்டிலேயே ரெசின் பிரிண்டரில் எடுப்பவர்கள் எல்லோரும் ஒரு கணக்கு வைத்திருப்பார்கள். நானும் வைத்திருந்தேன். நான் வாங்கிய ரெசின் லிட்டர் 2,500 ரூபாய். 28 மி.மீ. அளவில் ஒரு சிப்பாய்க்கு, சப்போர்ட் எல்லாம் சேர்த்து, சுமார் 6 மி.லி. போகும். ஆக ஒரு சிப்பாய் 15 ரூபாய்! கடைப் பெட்டியின் விலையைப் பார்த்துவிட்டு இந்தக் கணக்கைப் போட்டால் யாருக்கும் கை துறுதுறுக்கத்தான் செய்யும். இரண்டு வருடம் கழித்து என் அலமாரியில் பெயின்ட் படாத சாம்பல் நிறச் சிப்பாய்கள் நானூறு பேர் நிற்கிறார்கள். மேசையில் இறங்கி ஆடியவர்கள் நாற்பது பேர்கூட இல்லை.

கூட்டல் பெருக்கலில் தப்பில்லை. எதைக் கணக்கில் சேர்த்தோம், எதை விட்டோம் என்பதில்தான் தப்பு.

கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்கலாம். 1893இல் லண்டனில் வில்லியம் பிரிட்டன் நிறுவனம் உள்ளே வெற்றிடமுள்ள ஈயச் சிப்பாய்களை வார்க்கத் தொடங்கியது. உருக்கிய உலோகத்தை அச்சில் ஊற்றி, ஓரம் இறுகியதும் நடுவில் இருப்பதை வெளியே கவிழ்த்துவிடுவார்கள். உலோகம் மிச்சம், விலையும் குறைவு. அந்த வகைப் பொம்மைகளைத் தரையில் பரப்பித்தான் எச்.ஜி. வெல்ஸ் விளையாடி, 1913இல் ‘லிட்டில் வார்ஸ்’ என்ற விதிப் புத்தகத்தை எழுதினார். பிறகு ரப்பர் அச்சைச் சுழற்றி உலோகம் வார்க்கும் முறை வந்தது. அதன்பின் எஃகு அச்சில் பிளாஸ்டிக். எஃகு அச்சு செய்ய ஏகப்பட்ட பணம் ஆகும். செய்துவிட்டால் ஒவ்வொரு பொம்மையும் சல்லிசு. அதனால் ஆயிரக்கணக்கில் விற்கும் படைகளுக்குத்தான் அந்த அச்சு கட்டுப்படியாகும்.

இந்த ஒவ்வொரு மாற்றமும் மலிவாக்கியது பிரதி எடுக்கும் வேலையை. ரெசின் பிரிண்டரும் அதையேதான் செய்கிறது. உருவத்தைச் செதுக்குவது, அதற்கு வண்ணம் தீட்டுவது, எதிரே உட்கார்ந்து ஆட ஒரு ஆளைப் பிடிப்பது... இந்த மூன்றில் எதையும் அது தொடவில்லை. நம்ம தொழிலில் சொல்வதென்றால், கம்பைல் ஆகும் நேரம் குறைந்துவிட்டது, அவ்வளவுதான். கோடு எழுதுவதும் டெஸ்ட் பண்ணுவதும் அப்படியே இருக்கிறது.

இன்னொரு விஷயம், இயந்திரத்தின் அமைப்பே நம்மை அதிகம் எடுக்க வைக்கிறது. தொட்டியின் அடியில் எல்சிடி திரை, அதற்குக் கீழே 405 நானோமீட்டர் விளக்கு. ஒரு அடுக்கு முழுவதும் ஒரே நேரத்தில் இறுகும். 40 மி.மீ. உயரத்தை 0.05 மி.மீ. அடுக்குகளாகப் பிரித்தால் 800 அடுக்கு. அடுக்குக்கு 8 விநாடி என்றால் ஒன்றே முக்கால் மணி நேரம் சொச்சம். தட்டில் ஒரு சிப்பாய் இருந்தாலும் பத்து பேர் இருந்தாலும் அதே நேரம்தான், ஏனென்றால் உயரம் மட்டுமே கணக்கு. தட்டில் இடம் சும்மா கிடக்கிறதே என்று நிரப்பிவிடுவோம். என் நானூறு பேர் வந்த வழி இதுதான்.

அடுத்து, யாரும் 15 ரூபாயில் சேர்க்காத செலவு. இறுகாத ரெசினில் இருப்பது அக்ரிலேட் வகைச் சேர்மங்கள். தோலில் திரும்பத் திரும்பப் பட்டால் ஒவ்வாமை வரலாம். ஒருமுறை வந்துவிட்டால் பெரும்பாலும் ஆயுசுக்கும் போகாது. பல் மருத்துவத் துறையிலும் செயற்கை நகம் ஒட்டும் கடைகளிலும் வேலை செய்பவர்களிடம் நன்றாகத் தெரிந்த பிரச்சினை இது. முதல் சில மாதம் நான் கையுறை இல்லாமல் சப்போர்ட் உடைத்தேன், சோம்பேறித்தனம்தான் காரணம். மணிக்கட்டில் அரிப்பு வந்தது. தோல் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, “வீட்ல குழந்தை இருக்கா?” என் மகள் அதே பால்கனியில்தான் சைக்கிள் ஓட்டுவாள். அன்றைக்கு மூட்டி வைத்த பிரிண்டரை நான்கு மாதம் திறக்கவில்லை. இப்போது நைட்ரைல் கையுறை, ஜன்னலோரத்தில் பூட்டு போட்ட தனி அலமாரி. கழுவிய ஆல்கஹாலைச் சாக்கடையில் ஊற்றுவதில்லை. வெயிலில் வைத்து, அதிலிருக்கும் ரெசின் இறுகிய பிறகுதான் அப்புறப்படுத்துகிறேன்.

அப்படியானால் இந்த இயந்திரம் வீணா? இல்லை. கடைப் பெட்டிக்கு மலிவான மாற்று என்று பார்ப்பதுதான் வீண். யாரும் விற்காததைச் செய்வதற்கு இதைவிட நல்ல கருவி கிடையாது.

இதைப் புரிந்துகொள்ள ஒரு வழக்கு உதவும். வார்ஹாம்மர் விளையாட்டை நடத்தும் கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனம், சாப்டர்ஹவுஸ் ஸ்டூடியோஸ் என்ற சிறு நிறுவனத்தின் மேல் 2010இல் சிகாகோவில் வழக்குப் போட்டது. பெரிய நிறுவனத்தின் பொம்மைகளோடு சேர்க்கும் உதிரி பாகங்களையும், விதிப் புத்தகத்தில் பெயர் மட்டும் இருந்து பொம்மை வராத சில உருவங்களையும் சிறியவர்கள் செய்து விற்றார்கள். 2013இல் ஜூரி சிலவற்றில் இந்தப் பக்கம், சிலவற்றில் அந்தப் பக்கம் என்று தீர்ப்புச் சொன்னது. அதன்பிறகு பொம்மை வராத படைக்கு விதியும் வராது என்ற போக்கு விதிப் புத்தகங்களில் வந்தது. இடைவெளியை நிரப்புவதற்குப் பதில் கற்பனையையே வெட்டிவிட்டார்கள். வீட்டு பிரிண்டரின் இடம் சரியாக அந்த இடைவெளிதான்.

என்னுடைய இடைவெளி புள்ளலூர். 1780 செப்டம்பர் 10 அன்று, காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில், ஹைதர் அலியும் திப்புவும் கர்னல் பெய்லியின் கம்பெனிப் படையைச் சுற்றி வளைத்துத் தோற்கடித்த போர். வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின. மைசூர் ராக்கெட்டுகளும் களத்தில் இருந்தன. வாட்டர்லூவுக்குப் பிளாஸ்டிக் பெட்டி தாராளமாகக் கிடைக்கிறது. இதற்கு ஒரு பெட்டிகூட நான் பார்த்ததில்லை.

எனவே பிளெண்டரில் ஒரு ராக்கெட் வீரனைச் செதுக்க உட்கார்ந்தேன். மூங்கில் கழியும் இரும்புக் குழாயும் ஒரே ராத்திரியில் முடிந்தது. தலைப்பாகைக்கு ஒரு வாரம். முகத்துக்கு மூன்று வாரம், இன்னும் திருப்தி இல்லை. அப்போதுதான் ஒரு சிற்பியின் கோப்புக்கு நான் கொடுத்த காசு எவ்வளவு குறைவு என்று உறைத்தது. அதே கோப்புகளை டெலிகிராமில் ஓசியில் வாங்கிக்கொண்டு “ரெசின் ஃபைல்னா ஃப்ரீதானே” என்பவர்கள் ஒரு முகம் செதுக்கிப் பார்க்கட்டும்.

இப்போது எனக்கு ஒரே விதி. பத்துப் பேருக்கு வண்ணம் தீட்டி முடிக்காமல் அடுத்த பத்துப் பேரை எடுப்பதில்லை. புள்ளலூருக்கு இருபது பேர் தயார். நானூறு பேரில் முந்நூறை ஒரு பள்ளிப் பையனுக்குக் கொடுத்துவிட்டேன். அவனுக்கு என்னிடம் இல்லாத ஒன்று இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை ஆட வரும் நான்கு நண்பர்கள்.