அங்காடிக்காரியின் சங்கீதம்

'அங்காடிக்காரியைச் சங்கீதம் பாடச் சொன்னால் வெங்காயம், கறிவேப்பிலை என்பாள்' என்று ஒரு பழமொழி நம்மிடம் இருக்கிறது. என் பாட்டி சொல்வாள். எனக்குப் பாடம் எடுத்த பேராசிரியர் சொல்வார். நானும் சொல்லிச் சிரித்திருக்கிறேன். ரசனை இல்லாதவளைப் பற்றிய கேலி என்றே அதைப் புரிந்துகொண்டிருந்தோம். இப்போது கேட்டால், அவளைப் பாடச் சொன்னவர் யார் என்ற கேள்விதான் எனக்கு முதலில் எழுகிறது. தலைச்சுமையோடு நிற்பவளிடம் பாட்டுக் கேட்டிருக்கிறார். அவள் தன் சரக்கின் பெயரைப் பாடியிருக்கிறாள். அதைப் பாட்டாகக் கேட்கத் தெரியாதவர் பழமொழி செய்துவிட்டுப் போயிருக்கிறார்.

மதுரையில் பழைய கடைகள் மூடப்பட்டதைப் பற்றி, கடைவீதிகள் இடித்துக் கட்டப்பட்டதைப் பற்றிக் கடந்த சில ஆண்டுகளில் எழுதப்பட்டவற்றைப் படிக்கும்போதெல்லாம் இந்தப் பழமொழி நினைவுக்கு வருகிறது. அப்படி எழுதப்பட்டவற்றில் என் கவிதை ஒன்றும் அடக்கம். இந்தக் கட்டுரை பெரும்பாலும் அந்தக் கவிதையைப் பற்றிய விமர்சனம்தான்.

மதுரையை அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மீனாட்சியம்மன் கோயிலின் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே, 17ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் வசந்த விழாவுக்காகக் கட்டிய கல் மண்டபம் புது மண்டபம். இத்தனை நூற்றாண்டு கழிந்தும் 'புது' என்கிற பெயர் போகவில்லை. நாயக்க மன்னர்களின் சிலைகளுக்கும் கயிலையைத் தூக்கும் இராவணனுக்கும் இடையே தலைமுறை தலைமுறையாகக் கடைகள் இருந்தன. தையல்காரர்கள், புத்தகக் கடைகள், வளையல், பாத்திரம், மஞ்சள் குங்குமம், பிள்ளைகளின் ஆண்டு விழாவுக்குப் பாரதியார் கோட்டு, கட்டபொம்மன் தொப்பி. 2018 பிப்ரவரி 2 இரவு கோயிலின் வீர வசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்து அங்கிருந்த கடைகள் எரிந்தன. அதன் பிறகு கோயில் மண்டபங்களில் கடைகள் இருப்பதே கேள்விக்குள்ளானது. அடுத்த சில ஆண்டுகளில் புது மண்டபத்துக் கடைகளும் வெளியேறி, அருகிலேயே எழுந்த குன்னத்தூர் சத்திரம் வணிக வளாகத்துக்குப் போயின.

அதே காலத்தில்தான் பெரியார் பேருந்து நிலையம் இடித்துக் கட்டப்பட்டது. வடக்கு ஆவணி மூல வீதியில் பழைய சென்ட்ரல் மார்க்கெட் இருந்த இடம் பல அடுக்கு வாகன நிறுத்துமிடமாயிற்று. மார்க்கெட் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே மாட்டுத்தாவணிக்குப் போயிருந்தது. 2015இல் ஒன்றிய அரசு தொடங்கிய திட்டத்தில் சேர்ந்த 100 நகரங்களில் தமிழ்நாட்டுக்கு 11. அவற்றில் ஒன்று மதுரை. திட்டத்துக்குத் தமிழில் வைத்த பெயர் 'சீர்மிகு நகரம்'. யாப்பில் சீர் என்றால் அசைகள் சேர்ந்து நடப்பது. வீட்டில் சீர் என்றால் பெண்ணோடு ஏற்றி அனுப்பும் அண்டாவும் கட்டிலும். இந்தச் சீர் எது என்று யோசித்துக்கொண்டே அந்தப் பலகைகளைக் கடந்திருக்கிறேன்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கடைகள் அந்த மண்டபத்திலிருந்து வெளியேறியது தவறு என்று நான் நினைக்கவில்லை. சிற்பங்களுக்கு நடுவே துணி மூட்டையும் இஸ்திரிப் பெட்டியும் மின்கம்பியும் இருப்பது ஆபத்துதான். தீ விபத்துக்குப் பிறகு அதை மறுக்கவே முடியாது. பழைய கடைவீதி பெண்களுக்குச் சொர்க்கமாகவும் இருந்ததில்லை. கடைகள் அப்பாவிடமிருந்து மகனுக்குப் போயின. வெளியே திண்டிலும் படியிலும் உட்கார்ந்து பூவும் ரிப்பனும் விற்ற பெண்கள் கடைக்காரரின் தயவில் உட்கார்ந்தார்கள். ஒதுங்க இடம் இல்லாததால் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருந்தார்கள். பழைய கடைவீதிக்காக உருகுகிறவர்கள் பெரும்பாலும் அங்கே பொருள் வாங்கப் போனவர்கள். நானும் அப்படிப் போனவள்தான்.

கவிதைக்கு வருகிறேன். கடைகள் காலியான செய்தி வந்த வாரத்தில் அதை எழுதினேன். கல் மன்னர்களுக்கு நடுவே இஞ்ச் டேப்பைக் கழுத்தில் போட்ட தையல்காரர். சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் வேடம் கட்டுகிறவர்களுக்கு உடை தைத்த முஸ்லிம் பெரியவர். இயந்திரத்தின் சக்கரம் நின்றபின் மண்டபத்தில் நிறையும் அமைதி. ஒரு சிறுபத்திரிகையில் வந்தது. நண்பர்கள் பாராட்டினார்கள். மதங்களைக் கடந்த உழைப்பின் கவிதை என்று ஒருவர் எழுதினார். கூச்சப்பட்டேன், உள்ளுக்குள் மகிழ்ந்தேன். ஒரு கவியரங்கில் வாசித்தபோது கைதட்டல் வந்தது.

பிறகு முதுகலை வகுப்பில் மாணவிகள் கேட்டார்கள் என்று படித்துக் காட்டினேன். முடிந்ததும் மூன்றாம் வரிசையில் இருந்து ஒருத்தி, சண்டைக்கு வருகிற குரலில் அல்ல, சந்தேகம் கேட்கிற குரலில் கேட்டாள்: "மேடம், ஹூக் யார் வச்சாங்க?"

புரியவில்லை. "அந்தக் கடைகள்ல தச்ச ஜாக்கெட்டுக்கு ஹூக் யார் வச்சாங்க? எங்கம்மா வச்சாங்க மேடம். பன்னெண்டு வருசம்."

மாணவி உட்கார்ந்துவிட்டாள். நான் ஏதோ சொல்லிப் பாடத்துக்குத் திரும்பினேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை.

தெற்குவாசல் பக்கம் அவர்கள் வீட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். அந்த அக்காவுக்கு என்னைவிட ஐந்தாறு வயது கூட இருக்கும். சாயங்காலம் கடையிலிருந்து ஒரு பை வரும். அதில் தைத்த ஜாக்கெட்டுகள். இரவு சமையல் முடித்து ஹூக் கட்டி, ஹெம்மிங் போட்டு, மறுநாள் காலை பையைத் திருப்பி அனுப்ப வேண்டும். சித்திரை நெருங்கினால் அழகர் உடைகளுக்கு ஜரிகையும் சம்கியும் வைக்கிற வேலை சேர்ந்துகொள்ளும். அந்த மாதத்தில் தூக்கம் கிடையாது. கணக்கெல்லாம் வாய்ச்சொல்தான். அந்தக் கடைக்குள் அவர் போனதே இரண்டு மூன்று முறைதான்.

"கடைய காலி பண்ண அன்னைக்குப் பேப்பர்ல இருந்து வந்து அவரைப் போட்டோ எடுத்தாகளாம். நல்ல மனுசன், பாவம். வயசாயிருச்சு, புது எடத்துக்கெல்லாம் போகலைன்னு விட்டுட்டாரு. எனக்கு எங்கிட்டுத் தெரியும்? ரெண்டு நாளாப் பை வரல. அப்பத்தான் சரி, முடிஞ்சு போச்சுன்னு தெரிஞ்சுது."

கடை மூடப்படுவது என்றால் நான் ஷட்டரைத்தான் நினைத்திருந்தேன். பூட்டு, பெயர்ப்பலகை, படம் எடுக்க வசதியாக வாசலில் நிற்கும் கடைசி உரிமையாளர். இந்த அக்காவின் கடை மூடியது ஒரு பை வராததால். அதற்கு ஷட்டரும் இல்லை, செய்தியும் இல்லை. கடைகளை எண்ணி, எண்ணியபடி புது இடம் ஒதுக்கும்போது, எண்ணுகிறவர் கையில் இருப்பது வாடகை ரசீதும் உரிமமும் வைத்திருப்பவர்களின் பட்டியல். ஒரு கடையைச் சுற்றி எத்தனை பெண்களின் கைகள் வேலை செய்தன என்பதற்கு அந்தப் பட்டியலில் கட்டம் கிடையாது. சேலைக்கு ஃபால்ஸ் அடித்தவள், முந்தானைக்குக் குஞ்சம் கட்டியவள், பூக்கடைக்கு வீட்டில் உட்கார்ந்து சரம் தொடுத்தவள் யாருக்கும் கட்டம் இல்லை. அதிகாரியின் பட்டியலில் இல்லாதது எனக்கு வியப்பில்லை. என் கவிதையிலும் இல்லாததுதான் உறுத்துகிறது. அவர் ஆவணத்தைப் பார்த்து எழுதினார், நான் அழகைப் பார்த்து எழுதினேன். இருவரும் ஒரே ஆளைத்தான் விட்டிருக்கிறோம்.

வெளியே தரைக்கடை போட்ட பெண்களுக்காவது ஒரு சட்டம் இருக்கிறது. 2014ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம். கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் தரும்வரை யாரையும் அகற்றக் கூடாது என்கிறது. நகர விற்பனைக் குழுவில் 40 விழுக்காட்டுக்குக் குறையாமல் தெரு வியாபாரிகளே இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் என்கிறது. 50 ஆண்டுகளுக்கு மேல் இயல்பாக நடந்துவரும் சந்தையைப் பாரம்பரியச் சந்தையாக அறிவிக்க வேண்டும், அங்குள்ள வியாபாரிகளை இடம் மாற்றக் கூடாது என்றுகூட அதன் இரண்டாம் அட்டவணை சொல்கிறது. ஆனாலும் நாளிதழைத் திறந்தால் தலைப்பு 'ஆக்கிரமிப்பு அகற்றம்'தான். படைகொண்டு வந்து நாட்டைப் பிடித்தவர்களுக்குப் பயன்படுத்தும் சொல்லை, இரண்டு முழ அகலச் சாக்கில் கொத்தமல்லி வைத்திருப்பவளுக்கும் பயன்படுத்துகிறோம். வீட்டிலிருந்து ஹூக் வைத்தவளுக்கோ இந்தச் சட்டமும் பொருந்தாது. அவள் தெருவிலேயே இல்லை.

ஐம்பது ஆண்டுக்குச் சாட்சி கேட்டால் மதுரைக்காஞ்சியைக் கூப்பிடலாமா என்று வகுப்பில் ஒருமுறை விளையாட்டாகக் கேட்டேன். பிறகுதான் அந்த நூலை நான் எப்படி நடத்தி வந்திருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்தேன். தேர்வில் 'நாளங்காடி, அல்லங்காடி – குறிப்பு வரைக' என்று கேட்போம். மாணவிகள் பண்டங்களின் பட்டியலை எழுதுவார்கள், மதிப்பெண் போடுவோம். தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனுக்கு நிலையாமை சொல்ல வந்த மாங்குடி மருதனார், 782 அடிகளுக்கு நடுவே, மணக்கும் பூவோடு வீடு வீடாகத் திரியும் முதிய பெண்களை நின்று பார்த்திருக்கிறார். நரைத்த கூந்தலைக்கூட விடவில்லை. நாங்கள் அதை 'மதுரையின் வளம்' என்ற தலைப்பின் கீழ் அடைத்துவிட்டோம். அந்த வயதில் அவர்கள் ஏன் நடந்துகொண்டிருந்தார்கள் என்று ஒரு வினாத்தாளிலும் நான் கேட்டதில்லை.

பெரும்பாணாற்றுப்படையின் ஆய்மகள் இன்னும் வெளிப்படையானவள். மோர் விற்றுத் தானியம் பெற்றுக் குடும்பத்துக்குச் சோறு போடுகிறாள். நெய்க்கு விலையாகப் பொன் கொடுத்தால் வாங்க மறுத்து, எருமையாகவும் பசுவாகவும் கேட்டுப் பெறுகிறாள். பொன்னாசை இல்லாத எளிய ஆயர் வாழ்வு என்று எனக்குச் சொல்லித் தரப்பட்டது. நானும் அப்படியே சொல்லித் தந்தேன். பொன் குட்டி போடாது, எருமை போடும் என்று தெரிந்த ஒரு வியாபாரியின் கணக்கு அது. அவளை வியாபாரி என்று அழைக்க நம் உரைமரபுக்கு ஏனோ வாய் வருவதில்லை. 'கடைத்தெருவில் நிற்கிறவள்' என்பதை வசையாகவும் வைத்திருக்கும் மொழி இது. அந்தத் தயக்கம் உரையாசிரியரோடு முடியவில்லை. என் கவிதை வரைக்கும் வந்திருக்கிறது.

கடைவீதி மாறியபின் அந்தப் பெண்கள் எங்கே போனார்கள்? அக்கா ஒரு பெரிய ஜவுளிக்கடையில் சேர்ந்திருந்தார். காலையிலிருந்து இரவுவரை நிற்க வேண்டும். 'அங்காடித் தெரு' படம் 2010இல் ரங்கநாதன் தெருவை வைத்து இதையெல்லாம் காட்டியது. அதற்கு 11 ஆண்டுகள் கழித்து, 2021இல்தான் கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தது. உட்காருவதற்கு ஒரு சட்டம். திண்டில் உட்கார்ந்து விற்றவளுக்கும், வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து ஹூக் கட்டியவளுக்கும் வருமானம் குறைவுதான். ஆனால் முதுகு வலித்தால் சாய்ந்துகொள்ள யாரையும் கேட்க வேண்டியதில்லை. அக்கா ஆறு மாதத்தில் வேலையை விட்டுவிட்டார். காலில் நரம்பு சுருட்டிக்கொண்டது. சேலையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினார்.

அந்தக் கவிதையைத் திருத்த முயன்றேன். ஆறாவது வரிக்குப் பிறகு அக்காவைக் கொண்டுவந்தேன், சரியாக வரவில்லை. முடிவில் வைத்தேன், அனுதாபத்துக்காக ஒட்டவைத்தது போல் இருந்தது. தையல்காரரை நடுவில் வைத்துக் கட்டிய கவிதைக்குள் அவருக்கு இடம் இல்லை. கட்டடத்தையே வேறு மாதிரி கட்ட வேண்டும். இன்னும் முடியவில்லை. தொகுப்பு வந்தபோது அந்தக் கவிதையை விட்டுவிட்டேன்.

அன்றைக்குக் கிளம்பும்போது, உங்களைப் பற்றி எழுதலாமா என்று அக்காவிடம் கேட்டேன். பெயர் போட வேண்டாம் என்றார். கொஞ்ச நேரம் என் ஜாக்கெட்டின் தோள்பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர், இது யார் தச்சது? ஹெம்மிங் பிரிஞ்சிருக்கு பாருங்க. ஒங்க காலேஜுல எத்தனை டீச்சர் இருப்பாக? எல்லார்ட்டயும் சொல்லுங்க. ஹூக்கு, ஹெம்மிங்கு, ஃபால்ஸு, குஞ்சம் எல்லாம் செய்வேன். ஒரே நாள்ல தந்துருவேன்."

அடுத்த வாரம் துறையிலிருந்து ஏழு ஜாக்கெட்டும் நான்கு சேலையும் சேர்ந்தன. பையை அவர் மகளிடம் கொடுத்தனுப்பினேன்.