சார்ஜர் முன் நிற்கும் இரண்டு குற்றங்கள்

மின்கார் சார்ஜ் செய்ய ஒதுக்கிய இடத்தை இரண்டு வகை வண்டிகள் அடைத்துக்கொள்கின்றன. ஒன்று, அங்கே எந்த வேலையும் இல்லாத பெட்ரோல் கார். மற்றொன்று, சார்ஜ் ஏறி முடிந்தும் நகராத மின்கார். இடமில்லாமல் காத்திருப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான். சட்டமும் இரண்டையும் ஒன்றாகவே நடத்தலாமா? கலிஃபோர்னியா, தென் கொரியா, ஜெர்மனி ஆகிய இடங்களின் விதிகளை இந்தக் கேள்வியை வைத்து எடைபோடலாம்.

கலிஃபோர்னியாவில் முதலில் வண்டியின் வகைதான் அளவுகோலாக இருந்தது. மாசற்ற வண்டி என்று அரசு தந்த ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் நிறுத்தலாம். 2011 அக்டோபரில் ஆளுநர் ஜெர்ரி பிரவுன் கையெழுத்திட்ட ஏ.பி. 475 சட்டம் இதை மாற்றியது. சார்ஜ் செய்வதற்காக இணைக்கப்பட்ட வண்டிக்கு மட்டுமே இடம். இல்லையேல் இழுத்துச் செல்லலாம். பெட்ரோல் காரைப் பொறுத்தவரை இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கேபிள் மாட்டியிருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்தாலே போதும், வாதத்துக்கு இடமில்லை.

ஆனால் மின்கார் ஓட்டுநர்களின் அமைப்பான ‘பிளக் இன் அமெரிக்கா’வே இந்தச் சட்டத்தை எதிர்த்தது. அதில் நியாயம் உண்டு. முதல் கார் நிரம்பியதும் பக்கத்தில் காத்திருப்பவர் கேபிளைக் கழற்றித் தன் காரில் மாட்டிக்கொண்டால், ஒரே சார்ஜர் இருவருக்கு உதவும். புதிய விதிப்படி, கேபிள் கழன்ற கணமே முதல் கார் குற்றவாளியாகிவிடுகிறது. மாறாக, பேட்டரி நிரம்பிய பிறகும் கேபிளைச் செருகிய நிலையிலேயே மாலைவரை நிற்கும் காரின் மேல் இந்த விதியைக் கொண்டு கைவைப்பது கடினம். பகிர்ந்துகொள்பவர் மாட்டுகிறார், பிடித்துவைத்துக்கொள்பவர் தப்புகிறார்.

தென் கொரியா கேபிளை விட்டுக் கடிகாரத்தைப் பிடித்தது. அங்கே 2018 முதல் நடைமுறையில் உள்ள கட்டுப்பாடு 2022 ஜனவரியில் அடுக்குமாடிக் குடியிருப்புகள்வரை விரிந்தது. பெட்ரோல் கார் நின்றால் 1 லட்சம் வோன் அபராதம். நம் கணக்கில் ஏறத்தாழ 6,000 ரூபாய். சார்ஜரை மறித்துச் சாமான்களை அடுக்கினாலும் அதே தொகை. சார்ஜரையோ தரைக் குறிகளையோ சேதப்படுத்தினால் 2 லட்சம். மின்காரானாலும் விரைவு சார்ஜரில் 1 மணி நேரம், மெதுவான சார்ஜரில் 14 மணி நேரம். அதைத் தாண்டினால் அதற்கும் 1 லட்சம் வோன்.

பதினான்கு மணி நேரம் தாராளம் போலத் தோன்றும். கணக்குப் போட்டால் காரணம் புரியும். மெதுவான சார்ஜர் பெரும்பாலும் 7 கிலோவாட் தரும். 64 கிலோவாட் மணி பேட்டரி அதில் காலியிலிருந்து நிரம்ப 9 மணி நேரத்துக்கு மேல் ஆகும். மாலை 7 மணிக்கு வீடு வந்து கேபிளை மாட்டியவருக்குக் காலை 9 மணிவரை கெடு. நள்ளிரவில் எழுந்து, அடித்தளத்துக்கு இறங்கிக் காரை நகர்த்து என்று சட்டம் யாரையும் வற்புறுத்தவில்லை. மனிதர் தூங்கும் நேரத்தையும் கணக்கில் எடுத்த விதி இது. அதே 14 மணி நேரத்தைச் சிறிய பேட்டரி கொண்ட பிளக்-இன் ஹைபிரிடுக்கும் கொடுத்ததுதான் பிழை. இரண்டு மூன்று மணி நேரத்தில் நிரம்பும் வண்டி மீதி நேரமெல்லாம் சும்மா நின்றது. 2025-ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த வகைக்கு வரம்பை 7 மணி நேரமாகக் குறைத்தது.

கொரிய விதியின் பலவீனம் அமலாக்கத்தில் இருக்கிறது. மீறலைக் குடிமக்களே படமெடுத்து அரசின் செயலியில் புகார் செய்யலாம். ஜோசன் மன்னராட்சிக் காலத்து முறையீட்டு முரசின் பெயரைத்தான் அந்தச் செயலிக்கு வைத்திருக்கிறார்கள். அது நம் ஆராய்ச்சி மணிக்கு உறவு. ஆராய்ச்சி மணியை அடித்தது கன்றை இழந்த பசு. இந்தச் செயலியை அடிக்க எதையும் இழந்திருக்க வேண்டியதில்லை. பக்கத்துச் சார்ஜர்கள் எல்லாம் காலியாக இருந்தாலும், பிடிக்காத அண்டை வீட்டுக்காரர் மீது புகார் போடலாம். நிஜமாகவே பாதிக்கப்பட்டவருக்கோ வேலை இரட்டிப்பு: கார் 14 மணி நேரம் தொடர்ந்து நின்றது என்று நிறுவ, இரவில் ஒரு படம், மறுநாள் ஒரு படம் என்று காவல் இருக்க வேண்டும். அந்தக் கார் எத்தனை மணிக்கு இணைந்தது, எப்போது மின்சாரம் நின்றது என்பதெல்லாம் சார்ஜருக்கே தெரியும். தெரிந்த சாட்சியை விட்டுவிட்டு, தூக்கம் கெட்ட சாட்சியைத் தேடுகிறது சட்டம்.

சார்ஜர் என்ற சாட்சியைப் பயன்படுத்தியவை நிறுவனங்கள். டெஸ்லா 2016 டிசம்பரில், சார்ஜ் முடிந்தும் நகராத கார்களுக்கு நிமிடத்துக்கு 40 சென்ட் என்று கட்டணம் அறிவித்தது. அமெரிக்காவில் அது பின்னர் 50 சென்ட்டாகவும், நிலையம் முழுவதும் நிரம்பியிருந்தால் 1 டாலராகவும் உயர்ந்தது. 5 நிமிடத்துக்குள் நகர்ந்தால் கட்டணமில்லை. நிலையம் பாதியாவது நிரம்பாவிட்டாலும் இல்லை. இங்கே பார்த்தவற்றில் காத்திருப்பவர் இருக்க வாய்ப்புண்டா என்று கேட்கும் விதி இதுதான். கொரியச் சட்டம் அதைக் கேட்பதே இல்லை.

பணத்தால் எல்லாம் தீரும் என்பதும் பொய். ஜெர்மனியின் என்பிடபிள்யூ நிறுவனம் 4 மணி நேரத்துக்குப் பிறகு நிமிடத்துக்கு 10 சென்ட் வசூலித்தது. ஆனால் 12 யூரோவோடு நிறுத்திக்கொண்டது. உச்சவரம்பைத் தொட்டவருக்கு அதன்பின் நகர்வதால் லாபம் ஒன்றுமில்லை, தண்டனை வாடகையாகிவிடுகிறது. அதைவிட முக்கியம், இந்தக் கட்டணம் கேபிள் மாட்டியவரை மட்டுமே தொடும். 2018 டிசம்பரில் அமெரிக்காவின் வட கரோலினாவில் பிக்கப் டிரக்குகளைக் கொண்டுவந்து டெஸ்லா சார்ஜர்களை வேண்டுமென்றே மறித்தார்கள். அவர்களுக்கு எந்தக் கணக்கில் பில் போடுவது? அங்கே அரசின் அபராதம்தான் வேண்டும். ஜெர்மனியில் 2021 நவம்பர் முதல் அப்படி உரிமையில்லாமல் இடத்தை அடைப்பதற்கு 55 யூரோ.

பொதுச்சட்டம் உறுதியாக இருக்க வேண்டும், வரிசையில் ஆள் இருக்கிறாரா என்று பார்த்து மாறக் கூடாது என்று எதிர்வாதம் வரலாம். பெட்ரோல் கார் விஷயத்தில் அது முற்றிலும் சரி. அதற்கு அந்த இடத்தில் எந்த நேரமும் உரிமையில்லை. நிலையம் காலியாக இருந்தாலும் குற்றம் குற்றமே. மின்காரோ உரிமையோடு வந்து, உரிமை முடிந்த பிறகும் நிற்பது. அதன் தவறு நிமிடத்துக்கு நிமிடம் வளர்கிறது; ஒருவரும் காத்திராதபோது ஏறக்குறைய இல்லாமலே போகிறது. வளரும் தவறுக்கு ஒரே தொகையாக அபராதம் விதித்தால், கெடுவைச் சற்றே தாண்டியவருக்கு அநியாயம், நாள் முழுக்க நிற்பவருக்குச் சலுகை.

மூன்றில் கொரியாவுக்கே முதலிடம். வண்டி என்ன வகை, கேபிள் இருக்கிறதா என்பதைத் தாண்டி, எவ்வளவு நேரம் என்றும் அதன் சட்டம் கேட்டது. ஆனால் இரண்டு குற்றங்களுக்கும் ஒரே அபராதத்தை நீட்டியதால் அது முழுமை பெறவில்லை. பெட்ரோல் காருக்கு நிலையான அபராதமும் குடிமக்கள் புகாரும் அப்படியே தொடரட்டும். சார்ஜ் முடிந்த மின்காருக்கு, சார்ஜரின் பதிவை வைத்து, இடம் நெருக்கடியாக உள்ளபோது மட்டும் நிமிடக் கட்டணம். பகலில் உச்சவரம்பு கூடாது, இரவில் மெதுவான சார்ஜருக்குக் கட்டணமே கூடாது. 14 மணி நேர வரம்பு அதற்கும் அசையாதவர்களுக்கான கடைசி வேலியாக நிற்கட்டும். புதிதாக விதி எழுத உட்காரும் எந்த நகரமும் இந்த இரண்டையும் இரண்டு பிரிவுகளாக எழுதுவதில் தொடங்க வேண்டும்.