விமானியின் தோற்சட்டையும் தோட்டத்துச் சாக்கும்

போர்ப்படம் காண்பவருள் ஒரு சாரார் கதையினும் சட்டையையே கூர்ந்து நோக்குவர். விமானியின் தோற்சட்டைக்குக் கழுத்துப்பட்டை எப்படி அமைந்தது, பைக்கு மூடி உண்டா, கைம்முனையில் கம்பளிப் பின்னல் உண்டா என்று ஆராய்வர். அமெரிக்கத் தரைப்படையின் வான்பிரிவு ஏ-2 என்னும் தோற்சட்டையை 1931இல் ஏற்றது. 1943இல் அதனை நிறுத்தித் துணிச்சட்டைக்கு மாறியது. ஆதலின் 1918ஆம் ஆண்டுக் கதையில் ஏ-2 தோன்றின், அது பிழை. இவ்வாராய்ச்சியைச் சிறுபிள்ளை விளையாட்டென்று தள்ளுவதற்கில்லை. ஒரு சொல்லின் வடிவைக் கொண்டு ஏட்டின் காலத்தைத் துணியும் புலவர் செய்வதும் இதுவேயன்றோ?

நிலமும் பொழுதும் முதற்பொருள் என்பது தொல்காப்பியம் கண்ட நெறி. போர்ப்படத்தின் உடைக்கும் இந்நெறி பொருந்தும். ஐரோப்பிய வானில் இருபதாயிரம் அடிக்கு மேலே, வெப்பமூட்டப்படாத விமானத்தில் பறந்தவனுக்கு ஆட்டுத்தோல் அங்கி உயிர்காப்பு. 1941 டிசம்பரில் மலாயாவைக் காக்கப் பறந்த ‘பஃபலோ’ விமானிகளோ காக்கிச் சட்டையும் அரைக்கால் சட்டையும் அணிந்தனர். நிலத்தின் வெம்மை அப்படி. 1945இல் கோலாலம்பூர் ரயில் பட்டறைமீது குண்டு வீசிய பி-29 விமானங்களின் அறைகள் காற்றழுத்தமும் வெப்பமும் சீராக்கப்பட்டவை. அவற்றுள் கனத்த அங்கி வேண்டியதில்லை. எனவே, ‘விமானி என்றால் தோற்சட்டை’ என்பது நாடக வழக்கு. உலகியல் வழக்கு அன்று.

தமிழிலும் விமானிகளைப் பற்றிய போர்ப்படம் உண்டு. 1945இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி. ஆர். சுந்தரம் எடுத்த ‘பர்மா ராணி’ அது. ஜப்பானியர் வசமான பர்மாவில் சிக்கிய இந்திய விமானிகள் தப்புவதே கதை. போர்க்காலத்திலேயே உருவான படமாதலின், உடையில் பிழை நேரின் அதனைக் கண்டறியும் கண்கள் அன்றே இருந்தன. ஆயினும் அது போர் முயற்சிக்கு ஆதரவு திரட்ட எழுந்த படம். 1942இல் பர்மாவிலிருந்து காடும் மலையும் கடந்து நடந்தே வந்த இந்தியர் பல்லாயிரவர்; அவர்தம் கிழிந்த உடைக்கு அத்தகைய கதையில் இடம் ஏது? விமானியின் சட்டை பிழையற்றதாயினும் படம் முழுமெய் ஆகிவிடாது.

இதனைப் பின்னும் தெளிவாக உணர்த்துவது டேவிட் லீன் இயக்கி 1957இல் வெளிவந்த ‘குவாய் நதிப் பாலம்’. அதன் மூலநாவலை எழுதிய பியர் பூல் 1936 முதல் மலாயா ரப்பர் தோட்டங்களில் பணிபுரிந்த பிரெஞ்சுக்காரர். உடையைப் பொருளுணர்ந்து கையாண்ட படம் அது. கைதிகள் நைந்த காலணியோடும் கந்தலோடும் அணிவகுத்து வருகின்றனர்; மழைநாட்டில் தோலும் துணியும் மக்கிப்போவது இயல்பு. அன்றியும், ஷியர்ஸ் என்னும் அமெரிக்கன் இறந்த அதிகாரியின் சீருடையை அணிந்து தானும் அதிகாரியென நடித்தவன். உடை ஒருவனுக்குத் தகுதியும் பாதுகாப்பும் தரும் என்பதை இதனினும் நயமாகக் காட்டுதல் அரிது.

ஆனால், அப்பாலத்தில் காணாமற்போனவர் யார்? 415 கிலோமீட்டர் நீளமுள்ள சயாம்-பர்மா ரயில்பாதையில் உழைத்த நேசநாட்டுக் கைதிகள் 60,000க்கு மேற்பட்டவர். ஆசியத் தொழிலாளரோ 180,000க்கு மேற்பட்டவர். இவருள் மலாயாத் தோட்டத் தமிழர் பெருந்தொகையினர். கைதிகளில் 12,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். ஆசியருள் மாண்டவர் 90,000 வரை இருக்கலாம் என்பர். படத்திலோ தமிழ்த் தொழிலாளிக்கு உடையும் இல்லை, உருவமும் இல்லை.

கோலசிலாங்கூர் வட்டாரத்தாருக்கு இக்குறை ஏட்டுச் செய்தியன்று. 1942 ஜனவரித் தொடக்கத்தில் ஜப்பானியப் படகுகள் கோலசிலாங்கூர்க் கரையை நெருங்கின. பத்தாங் பெர்ஜுந்தையில் சண்டை மூண்டது. அவ்வூரை அடுத்துள்ளதே தென்னமரம் தோட்டம். 1917இல் மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டமாக ஹென்றி ஃபோகொன்னியே அதனை உருவாக்கினார். அதனைச் சூழ்ந்தும் உலு சிலாங்கூர் வரையிலும் பால்மரத் தோட்டங்கள் பரந்திருந்தன. ஆட்சி மாறியதும் இறக்குமதித் துணி நின்றது. லயங்களில் வேட்டியும் சேலையும் நைந்தபின், அரிசி வந்த கோணிச்சாக்கே உடையாயிற்று. சிலாங்கூர்த் தோட்டங்களிலிருந்து சயாமுக்குச் சென்றவருள் பலர் மாற்றுத்துணியின்றியே சென்றனர்.

சட்டைக்கும் சாக்குக்கும் உள்ள வேற்றுமை இங்கே புலனாகும். விமானியின் தோற்சட்டைக்கு வகையெண் உண்டு. தைத்த நிறுவனத்தின் சீட்டு உண்டு. காப்பதற்குக் காட்சிசாலை உண்டு. பிழை செய்த இயக்குநரைத் திருத்த ஆயிரம் பேர் உளர். சாக்குக்கு வகையெண் இல்லை, பேணியவரும் இல்லை. நல்ல துணி கிடைத்த அன்றே அதனைத் தூக்கி எறிந்தனர்; எறியாமல் யார் இருப்பர்? எனவே நாளை ஒருவர் அக்காலத் தோட்ட வாழ்வைப் படமாக்கினால், வெளுத்த வேட்டியும் மடிப்புக் கலையாத சேலையும் திரையில் தோன்றக்கூடும். பிழையென்று சொல்ல எவரும் இரார். திருத்துவார் இல்லாத பிழை நாளடைவில் வரலாறாகிவிடும்.

ஆதலின் ஒரு போர்ப்படத்தின் உடையை மதிப்பிடும்போது இரு வினாக்கள் வேண்டும். அணிந்திருப்பது சரியா என்பது ஒன்று. யாருடைய உடை திரைக்கு வரவே இல்லை என்பது மற்றொன்று. முதல் வினாவிற்கு விடைதர நூல்கள் உள. இரண்டாவதற்கு விடை மூத்தோர் நினைவில் உள்ளது. 1942இல் பத்து வயதுச் சிறுவராய் இருந்தோர் இன்று தொண்ணூறைக் கடந்தவர். சாக்கில் கை நுழைக்கும் துளை எங்கே வெட்டினர்? எந்த நூலால் தைத்தனர்? பெண்கள் அதனை எப்படி உடுத்தினர்? மழையில் நனைந்தால் மாற்றுக்கு என்ன செய்தனர்? தமிழாசிரியர் தம் மாணாக்கரை அனுப்பி இவற்றைக் கேட்டெழுதச் செய்யலாம். ஒரு பள்ளிக் குறிப்பேடும் நாற்பது தாளும் போதும். அவ்வேடு உருவானால், கோணிச்சாக்கைப் பிழையின்றித் திரைக்குக் கொணர விரும்பும் இயக்குநருக்கு அதுவே முதல் சான்றாகும்.