தீவனப் பையில் தைத்த கவுன்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கப் பண்ணை வீடுகளுக்கு மாவும் சர்க்கரையும் கோழித்தீவனமும் பருத்திப் பைகளில் வந்தன. சரக்கு தீர்ந்ததும் பைக்கு அடுத்த வேலை காத்திருக்கும்.

பையின் ஓரத்தில் சங்கிலித் தையல் போட்டிருப்பார்கள். சரியான முனையைப் பிடித்து இழுத்தால் தையல் முழுவதும் சரசரவென்று ஒரே நூலாகப் பிரிந்து வரும். அந்த நூலையும் வீணாக்காமல் உருண்டையாகச் சுற்றிவைத்து, பின்னல் வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். கம்பெனி முத்திரை போக, பையை மண்ணெண்ணெயில் ஊறவைத்தோ பன்றிக்கொழுப்பு தடவிவைத்தோ, பிறகு சோப்புப் போட்டுக் கசக்கினார்கள். 100 பவுண்டு தீவனப் பையைப் பிரித்தால் ஒரு கெஜத்துக்குச் சற்று அதிகமாகவே துணி தேறும். மூன்று பை சேர்ந்தால் ஒரு கவுன். வெட்டி மிஞ்சிய துண்டுகள் ஒட்டுப்போர்வைக்குப் போகும்.

1920களின் நடுவில், பூவும் கட்டமும் அச்சிட்ட துணியிலேயே பைகள் வரத் தொடங்கின. 1930களின் பொருளாதாரப் பெருமந்தத்தில் கையில் காசில்லாத குடும்பங்களுக்கு அவை பெரிய உதவி. தீவனம் வாங்கக் கிளம்பும் கணவனிடம் துண்டுத் துணியைக் கொடுத்து, “இதே பூப்போட்ட பையாகப் பார்த்து வாங்கி வாங்க” என்று சொல்லி அனுப்பிய மனைவிமார் உண்டு.

சிக்கனம் மட்டும் போதுமென்றால் ஏதோ ஒரு பையே போதும். பூ பொருந்த வேண்டும், காலருக்கு ஓரப்பட்டி வேண்டும், கையில் கொசுவம் வேண்டும் என்று நினைத்தார்களே, அந்த ரசனைதான் என்னை வியக்கவைக்கிறது. வறுமையிலும் அழகாக உடுத்தும் உரிமையை அந்தப் பெண்கள் விட்டுக்கொடுக்கவில்லை.