பேராக்கின் ராக் குழுக்களும் தோட்டத்து உருமியும்

மலேசிய ராக் இசையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பினாங்கு, கோலாலம்பூர், ஜொகூர், சிங்கப்பூர் என்று ஒரு சுற்று சுற்றிவிட்டு முடித்துக்கொள்கிறார்கள். பேராக் மாநிலம் ஓரமாக எட்டிப்பார்க்கும். பேராக்கின் தோட்டத் தமிழர் அதில் வருவதே இல்லை. அவர்கள் வாசிக்காமல் இருந்துவிடவில்லை. வாசித்தது இசைத்தட்டாகவில்லை, அவ்வளவுதான். வரலாறு இசைத்தட்டுகளை வைத்தே எழுதப்படுவதால் வந்த கோளாறு இது.

1961இல் கிளிஃப் ரிச்சர்டும் ஷேடோஸ் குழுவும் சிங்கப்பூருக்கு வந்து வாசித்துப் போனார்கள். அடுத்த சில ஆண்டுகளில் 'பாப் யே யே' அலை தீபகற்பம் முழுக்க அடித்தது. மூன்று கிட்டார், ஒரு டிரம்ஸ் என்று 'குகிரான்' குழுக்கள் ஊருக்கு ஊர் முளைத்தன. ஈப்போ போன்ற பட்டணத்துப் பிள்ளைகளுக்கு இது எளிது. தோட்டத்தில் எளிதல்ல. பல தோட்டங்களில் ஜெனரேட்டர் மின்சாரம் இரவில் சில மணி நேரம்தான் வரும். அதை நம்பி எலக்ட்ரிக் கிட்டாரும் ஆம்ப்ளிஃபையரும் வாங்க முடியாது. விடியும் முன் பால்மரக் காட்டுக்குக் கிளம்ப வேண்டியவன் நள்ளிரவு வரை ஒத்திகை பார்க்கவும் முடியாது. ஆகவே தோட்டத்து இசைக்குழு ஆர்மோனியமும் தபேலாவுமாக, கோயில் திருவிழாவிலும் கல்யாணப் பந்தலிலும் சினிமாப் பாட்டை வாசித்தது. அந்த மேடையில் தேறிய கைகள் பல. பதிவுதான் இல்லை.

தமிழர் தலைமையில் எழுந்த மலேசிய இசைக்குழு என்றால் எல்லாருக்கும் நினைவு வருவது அலிகேட்ஸ். பினாங்குச் சகோதரர்களான லோகநாதன் ஆறுமுகமும் டேவிட் ஆறுமுகமும் முன்னின்று பாடிய குழு. 1970களின் இறுதியிலிருந்து அவர்களுடைய மலாய்ப் பாடல்கள் நாடெங்கும் ஒலித்தன. எம். நாசிர் போன்றவர்கள் அவர்களுக்கு மெட்டமைத்தார்கள். லோகநாதன் 2007இல் காலமானார். தமிழர்களாக இருந்தும் தமிழில் பாடவில்லையே என்ற குறை நம்மிடையே உண்டு. அதை நான் ஏற்கவில்லை. நாட்டில் பத்துப் பேருக்கு ஒருவர்கூட இல்லாத தமிழர் சந்தைக்குச் சென்னையிலிருந்து சினிமாப் பாட்டு தயாராக வந்து இறங்கிக்கொண்டிருந்தது. உள்ளூர்த் தமிழ்க் குழுவுக்குப் பணம் போட எந்தக் கம்பெனி முன்வரும்? வானொலி, தொலைக்காட்சி, மேடை எல்லாம் மலாய்ப் பாட்டுக்குத்தான் அகலமாகத் திறந்திருந்தன.

அந்தக் கதவும் எப்போதும் திறந்திருக்கவில்லை. 1985இல் முதல் ஆல்பம் போட்ட ஜொகூரின் சர்ச் ராக் குழுவும், பிறகு வந்த விங்ஸும் நாட்டையே ஆட்டிவைத்தன. 1992இல் நீள முடிக்காரர்களுக்கு அரசுத் தொலைக்காட்சியில் இடமில்லை என்று ஆனது. சர்ச்சின் ஏமி, விங்ஸின் ஆவி இருவரின் முடியையும் தகவல் அமைச்சர் முகமது ரஹ்மாட்டே கேமராக்களுக்கு முன்னால் கத்தரித்தார். (நாவிதர் வேலை பார்த்த அமைச்சர் வேறு நாட்டிலும் உண்டா என்று தெரிந்தவர்கள் சொல்லலாம்.) 2001இல் பிளாக் மெட்டல் என்னும் கடும் ராக் கேட்கும் மாணவர்கள் மீது சோதனைகள் பாய்ந்தன.

ஈப்போவுக்குத் தனிக் கதை. 1985இல் உலகச் சந்தையில் ஈய விலை சரிந்து, ஈப்போவைச் சுற்றிய ஈயச் சுரங்கப் பகுதியான கிந்தா பள்ளத்தாக்கு படுத்தது. இளைஞர்கள் வேலை தேடிக் கோலாலம்பூருக்குப் போனார்கள். பழைய கடைவீடுகள் ஆளில்லாமல் நின்றன. காசில்லாத கலைஞர்களுக்கு இடம் கிடைத்தது அதனால்தான். முகமது ஜாய்சுவான் பாடிய ஃப்ரீ லவ் குழுவும், அவர் தொடங்கிய புரோஜெக் ரபாக் என்னும் கலைக் கூட்டும் ஈப்போவைத் தளமாகக் கொண்டவை. பாட்டு, கவிதை வாசிப்பு, கைப்பிரதி வெளியீடு எல்லாவற்றையும் தலைநகரைக் கேட்காமல் தாங்களே செய்தார்கள். சிற்றூர் சுயாதீனக் குழு என்றால் பேராக்கில் முதலில் காட்ட வேண்டியது இவர்களைத்தான். ஆனால் அந்த வட்டத்தின் பேச்சும் எழுத்தும் பெரும்பாலும் மலாய்.

தமிழ்ப் பையன்கள் எங்கே போனார்கள்? தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறியபோது லயத்து வரிசை வீடுகளில் இருந்த குடும்பங்கள் ஈப்போவின் புந்தோங்குக்கும் சுங்கை சிப்புட்டுக்கும் அங்கங்கே எழுந்த தாமான் குடியிருப்புகளுக்கும் சிதறின. கோயில் திடல் போனது, மேடை போனது. மிஞ்சியவர்களுக்கு இரண்டு வழிகள் இருந்தன.

ஒன்று ராப். அதற்கு டிரம்ஸ் செட் வேண்டாம், ஒத்திகை அறை வேண்டாம். ஒரு மைக்கும் கணினியும் போதும். 1998இல் பொயட்டிக் அம்மோ என்னும் ராப் குழுவின் முதல் ஆல்பம் வந்தது. அந்தக் குழுவில் இருந்த யோகி பி, பின்னர் நட்சத்திரா குழுவுடன் சேர்ந்து 2006இல் 'வல்லவன்' வெளியிட்டார். 'நிழல்கள்' படத்துப் பாட்டை எடுத்து அவர்கள் செய்த 'மடை திறந்து' சென்னை வரை போனது. இவ்வளவு காலம் அங்கிருந்து இங்கே வந்துகொண்டிருந்த சரக்கு இப்போது எதிர்த்திசையில் போனது.

மற்றொன்று உருமி மேளம். ஒரு பக்கத் தோலை வளைந்த குச்சியால் தேய்த்து உறும வைத்து, மறுபக்கத்தைக் குச்சியால் அடிக்கும் கருவி. பத்துப் பதினைந்து இளைஞர்கள், குழுவின் பெயர் அச்சடித்த ஒரே நிற டி-சட்டை, கைக்காசில் வாங்கிய தோல், பக்கத்து ஊர்க் குழுவோடு போட்டி, பின்னாலேயே சுற்றும் ரசிகர்கள். தைப்பூசம் வந்தால் சினிமா மெட்டு கூடாது, பக்திப் பாட்டு மட்டுமே என்று கோயில் நிர்வாகங்களிடமிருந்தும் மலேசிய இந்து சங்கத்திடமிருந்தும் அறிவுரை வரும். பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். ஈப்போ கல்லுமலை முருகன் கோயிலுக்குக் காவடி போகும் பாதையில் அரைமணி நேரம் நின்றால் போதும், தெம்மாங்கும் தாலாட்டும் சினிமாவும் ஒரே தாளத்தில் அரைபடுவதைக் கேட்கலாம். கம்பெனி இல்லை, மேலாளர் இல்லை, ஊர்தான் மேடை. ராக் குழு என்பதற்கு இதைவிட வேறென்ன தகுதி வேண்டும்? பேராக் தமிழரின் சுயாதீன ராக் இதுதான் என்பது என் முடிவு.

சென்னையில் 2018 சனவரியில் காஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்னும் இசைக்குழு கானாவையும் பறையையும் கிட்டாரோடு ஒரே மேடையில் ஏற்றியது. உடனே அதைப் பற்றிப் படம் வந்தது, பேட்டி வந்தது, கட்டுரை வந்தது. நம் உருமிக் குழுக்களைப் பற்றி வந்தவற்றில் இரைச்சல் புகார்களே அதிகம்.

பேராக்கில் தோட்ட இசைக்குழுவிலோ உருமிக் குழுவிலோ வாசித்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். உங்கள் வீட்டில் பழைய கேசட், திருவிழா நோட்டீஸ், மேடைப் புகைப்படம் ஏதாவது இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கேசட்டைக் கணினியில் ஏற்றுங்கள். தோட்டத்தின் பெயர், ஆண்டு, வாசித்தவர்களின் பெயர் மூன்றையும் அதனோடு எழுதி வையுங்கள்.